ஈரப்பதம் 300 சதவீதம் எப்படி வரும்? மண்ணுக்குள் திடம், நீர், காற்று: கன அளவுக் கணக்கு

கோவை_மாணவன்
வணக்கம். கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மண் இயக்கவியலில் முதல் பாடத்திலேயே தட்டுத் தடுமாறி நிற்கிறேன். மூன்று அறைகள் கொண்ட அந்தப் படம் புரிகிறது. அடியில் திடத் துகள்கள், நடுவில் நீர், மேலே காற்று. நீரும் காற்றும் இருக்கும் இடம்தான் வெற்றிடம். அதைத் திடத்தின் கன அளவால் வகுத்தால் வெற்றிட விகிதம், மொத்தக் கன அளவால் வகுத்தால் புரைமை. வெற்றிடத்தில் நீர் எத்தனை பங்கு என்பது நிறைவு அளவு. இதுவரை சரி.

சந்தேகம் இரண்டு. ஒரே வெற்றிடத்தை அளக்க எதற்கு இரண்டு அளவுகள்? ஒன்று தெரிந்தால் மற்றது வந்துவிடுகிறதே! அடுத்தது, மெக்சிகோ நகரக் களிமண்ணில் ஈரப்பதம் 300 சதவீதத்தைத் தாண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நூறு பங்கில் முந்நூறு பங்கு நீர் என்றால் மண் எங்கே இருக்கிறது? சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். எனக்கு அது போதாது, புரிய வேண்டும்.

பழைய_ஆசிரியர்
தம்பி, நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறாய். இந்தப் பாடத்தைக் கடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடித்தளம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருபவர்கள் ஏராளம்.

முதலில் 300 சதவீதம். மண் இயக்கவியலில் ஈரப்பதம் என்பது நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தது. ஈரமண்ணின் மொத்த எடையால் வகுத்தது அல்ல. ஒரு கிலோ உலர்மண்ணோடு மூன்று கிலோ நீர் இருந்தால் 300 சதவீதம். நூறு பங்கு என்ற கூரையே இங்கு இல்லை.

ஏன் இப்படி வைத்தார்கள்? மழை பெய்தால் நீர் கூடும், வெயிலில் காற்று கூடும், உருளை ஓட்டினால் காற்று வெளியேறும், சுமை ஏற்றினால் நீர் மெல்லக் கசிந்து போகும். இவ்வளவு நடந்தும் கூடாமல் குறையாமல் இருப்பது திடத் துகள்கள் மட்டும்தான். மாறாத ஒன்றைப் பகுதியில் வைத்தால் மாற்றம் முழுவதும் தொகுதியில் தெரியும். வெற்றிட விகிதத்துக்கும் இதே நியாயம்தான்.

இனி எந்தக் கணக்கு வந்தாலும் திடத்தின் கன அளவை 1 என்று எழுதிவிட்டுத் தொடங்கு. வெற்றிடத்தின் கன அளவு அப்படியே வெற்றிட விகிதம். மொத்தக் கன அளவு அதைவிட 1 கூடுதல். நீரின் கன அளவு நிறைவு அளவு × வெற்றிட விகிதம். திடத்தின் எடை ஒப்படர்த்திக்கு (அதே கன அளவு நீரைவிடத் திடம் எத்தனை மடங்கு எடை என்ற எண்) சமம், நீரின் எடை அதன் கன அளவுக்குச் சமம். நீரின் எடையைத் திடத்தின் எடையால் வகுத்தால் ஈரப்பதம். ஆகவே நிறைவு அளவு × வெற்றிட விகிதம் = ஈரப்பதம் × ஒப்படர்த்தி. நீங்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் இதுதான், நான்கு வரியில் வந்துவிட்டது.

மெக்சிகோ களிமண்ணில் இதைப் போட்டுப் பார். ஈரப்பதம் 300 சதவீதம், நீர் முழுமையாக நிறைந்தது, ஒப்படர்த்தி 2.35 என்று வைத்துக்கொள்வோம். வெற்றிட விகிதம் 3 × 2.35, அதாவது ஏறத்தாழ 7. எட்டுப் பங்கு கன அளவில் ஒரு பங்குதான் மண், ஏழு பங்கு நீர். “மண் எங்கே” என்று நீ கேட்டதற்கு விடை அந்த எட்டில் ஒன்று.

கிணற்றுநீர்
ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் புரைமையை ஒதுக்கிவைப்பதை ஏற்க முடியவில்லை. நான் நிலத்தடி நீர்த் துறையில் இருக்கிறேன். எங்களுக்கு நிலம் அசையாது, அதற்குள் இருக்கும் நீர்தான் போய் வருகிறது. ஒரு கன மீட்டர் நிலத்தில் எத்தனை லிட்டர் என்பதே கேள்வி. அதற்குப் புரைமை நேரடி விடை. 35 சதவீதப் புரைமை என்றால் கன மீட்டருக்கு 350 லிட்டர் இடம். வெற்றிட விகிதம் 0.54 என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்?

தம்பிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெற்றிடம் அதிகம் என்றால் நீர் அதிகம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதே. களிமண்ணின் புரைமை 50 சதவீதமும் அதற்கு மேலும் போகும், மணலுக்கு 35 அளவில்தான். ஆனால் கிணறு வெட்டினால் மணல்தான் நீர் தரும். மணலின் 350 லிட்டரில் 200, 250 லிட்டர் தானாக வடிந்து வரும். களிமண்ணின் 500 லிட்டரில் பெரும்பகுதி துகள்களைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும், 50 லிட்டர் வடிந்தாலே பெரிது. எவ்வளவு வெற்றிடம் என்பதை மட்டும் கன அளவுக் கணக்கு சொல்லும். அந்த வெற்றிடம் எத்தனை நுண்ணியது என்பதைச் சொல்லாது.

பழைய_ஆசிரியர்
கிணற்றுநீர் அவர்களே, நிலம் அசையாத இடத்தில் புரைமை போதும் என்பது முழு உண்மை. நிலம் அசையும் இடத்தில் அது போதாது. மெக்சிகோ நகரத்தையே எடுத்துக்கொள்வோம், உங்கள் நிலத்தடி நீரால் வந்த கதைதானே அது.

டெஸ்கோகோ ஏரிப் படுகையின் மேல் எழுந்த நகரம் அது. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான களிமண். அடியிலிருந்து ஆழ்குழாய்களில் நீரை இறைக்க இறைக்க, களிமண் தன் நீரை இழந்து சுருங்கியது. 1940களில் நாபோர் கரியோ என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து, நகரம் தாழ்வதற்கு நீர் இறைப்பே காரணம் என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சில பகுதிகள் ஒன்பது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தன. 1910இல் திறந்த சுதந்திரத் தேவதைத் தூண் ஆழமான அடித்தளத்தில் நிற்கிறது. சுற்றியிருந்த சாலை கீழே போய்க்கொண்டே இருந்ததால் பிறகு 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது.

இப்போது கணக்கு. வெற்றிட விகிதம் 7 இருந்தது, 6 ஆகிறது. புரைமையில் பார்த்தால் 87.5 சதவீதம் 85.7 ஆகிறது. இரண்டு புள்ளிகூட இல்லை, பார்ப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைப்பார். ஆனால் தடிப்பு எட்டுப் பங்கிலிருந்து ஏழு பங்காகிவிட்டது. அது 12.5 சதவீதம். 30 மீட்டர் களிமண் அடுக்கு என்றால் 3.75 மீட்டர் தாழ்வு! புரைமையில் தொகுதியும் பகுதியும் சேர்ந்தே குறைவதால் மாற்றம் மறைந்துபோகிறது. அதனால்தான் சுருக்கத்தை வெற்றிட விகிதத்தில் எழுதுகிறோம். தடிப்பு மாற்றத்தை வேண்டுமென்றால் வெற்றிட விகிதக் குறைவை, தொடக்க வெற்றிட விகிதத்தோடு 1 கூட்டி வரும் எண்ணால் வகுத்துவிடு.

தம்பியின் முதல் கேள்விக்கும் இதுதான் என் பதில்.

கோவை_மாணவன்
ஐயா, 7க்கும் 6க்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. மிக்க நன்றி. இன்னொன்று கேட்கிறேன். வெற்றிடத்தை எந்தக் கருவி அளக்கிறது? காற்றின் கன அளவைக் களத்தில் எப்படிப் பிடிப்பார்கள்?

சாலைப்பணி_திருச்சி
தம்பி, அதற்கென்று நாங்கள் எந்தக் கருவியும் வைப்பதில்லை. களத்தில் நாங்கள் அளப்பது எடையும், ஒரே ஒரு கன அளவும்தான். மீதியெல்லாம் கழித்தல். சாலைக்காக மண் கொட்டி உயர்த்தும் ஒரு கரை வேலையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

கோர் கட்டர் என்பது இரு பக்கமும் திறந்த இரும்பு உருளை. உள்விட்டம் 100 மில்லிமீட்டர், உயரம் 127 சொச்சம். கன அளவு 1000 கன செ.மீ. வரும்படி செய்திருப்பார்கள். உருளை ஓட்டி முடித்த அடுக்கில் அதை நிறுத்தி, மேல் வளையம் வைத்துச் சம்மட்டியால் இறக்குவோம். சுற்றி மண்ணை வெட்டி முழுதாக எடுத்து, இரு முனையையும் நேர்விளிம்புக் கத்தியால் சீவிவிட்டு எடை போடுவோம். சீவும்போது ஓரத்தில் ஒரு கல் பெயர்ந்து குழி விழுந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண்ணை வைத்து அடைக்கக் கூடாது. அடைத்தால் கன அளவு பொய், அதன் பிறகு வருவது எல்லாமே பொய்.

உள்ளிருக்கும் ஈரமண் 1980 கிராம். ஒரு பகுதியை 105 முதல் 110 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தியதில் ஈரப்பதம் 10 சதவீதம். அப்படியானால் உலர்மண் 1800 கிராம், நீர் 180 கிராம், அதாவது 180 கன செ.மீ. மண்ணின் ஒப்படர்த்தி 2.67 என்று ஆய்வகம் சொல்லியிருக்கிறது. 1800ஐ 2.67ஆல் வகுத்தால் திடம் 674 கன செ.மீ. மீதி 326 வெற்றிடம். அதில் நீர் 180 போனால் காற்று 146. ஆயிற்று.

வெற்றிட விகிதம் 0.48, புரைமை 32.6 சதவீதம், நிறைவு அளவு 55 சதவீதம். காற்று மொத்தத்தில் 14.6 சதவீதம்.

இனிமேல்தான் வேலை. ஆய்வகத்தில் இடித்துப் பார்த்ததில் இந்த மண்ணின் உச்ச உலர் அடர்த்தி (உலர்மண் எடை ÷ மொத்தக் கன அளவு) கன செ.மீ.க்கு 1.88 கிராம், அதற்கு உகந்த ஈரப்பதம் 13 சதவீதம். நமக்குக் கிடைத்தது 1.80. வகுத்தால் 95.7 சதவீதம். கரைக்கு நெடுஞ்சாலை விதி கேட்பது 95, ஆகவே தேறிவிட்டது. ஆனால் காற்றைப் பாருங்கள். உகந்த ஈரப்பதத்தில் 1.88க்கு அடித்திருந்தால் காற்று 5 சதவீதத்தில் நின்றிருக்கும். நமக்கு 14.6. தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த மண்ணின் மேல் உருளையை ஓட்டி ஓட்டி எண்ணை எட்டிவிட்டார்கள். ஐப்பசி மழையில் இந்தக் கரை 10 சதவீத ஈரத்திலிருந்து 18 சதவீதம் வரை குடிக்கும், கன அளவு ஒரு துளியும் கூடாமலே. ஊறிய பிறகு இளகும், சில மண் அமுங்கவும் செய்யும். சதவீதம் தேறியதா என்று மட்டும் பார்ப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. காற்று எவ்வளவு என்ற ஒரு வரியையும் படிவத்தில் எழுதச் சொல்கிறேன், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று. அவசரத்துக்குக் கால்சியம் கார்பைடு தூள் போட்டு அழுத்தமானியில் ஈரம் பார்க்கும் கருவி உண்டு. அது காட்டுவது ஈரமண்ணின் எடையில் எத்தனை சதவீதம் என்பதை. மேலே உள்ள மண்ணுக்கு அது 9.1 காட்டும், நாம் எழுத வேண்டியது 10. ஆசிரியர் ஐயா சொன்ன பகுதி மாறும் விஷயம் களத்தில் இப்படி வந்து நிற்கும்.

நன்செய்
நான் வேளாண்மைக்காரன், நடுவில் நுழைவதற்குப் பொறுக்க வேண்டும். சாலைப்பணி அண்ணன் 14.6 சதவீதக் காற்றைக் கண்டு கவலைப்படுகிறார். எங்கள் தோட்டத்தில் அது நல்ல செய்தி. வேர் மூச்சுவிட மண்ணின் கன அளவில் 10 சதவீதமாவது காற்று வேண்டும் என்பது பெரும்பாலான பயிர்களுக்குப் பொருந்தும் கணக்கு. அதற்குக் கீழே போனால் மஞ்சளும் வாழையும் வாடத் தொடங்கும். நெல் மட்டும் வேறு. சேற்றுழவு செய்து காற்றையே வெளியேற்றிவிட்டுத்தான் நடுகிறோம், நெல் தன் தண்டு வழியாக வேருக்குக் காற்றைக் கொண்டுபோய்விடும்.

எங்களுக்கும் ஈரப்பதத்தைக் கன அளவில்தான் வேண்டும், ஏனென்றால் பாய்ச்சுவது கன அளவில். எடைக் கணக்கில் வந்த ஈரப்பதத்தை உலர் அடர்த்தியால் பெருக்கினால் போதும். 15 சதவீதம், உலர் அடர்த்தி 1.33 என்றால் கன அளவில் 20 சதவீதம். 30 செ.மீ. வேர் ஆழத்தில் கன அளவு ஈரத்தை 10 சதவீதம் கூட்ட 30 மி.மீ. நீர் வேண்டும், ஏக்கருக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று தெரியும்.

ஒப்பந்ததாரர்_மகன்
அண்ணா, எனக்கு ஒரு சிக்கல். கரைக்கு 50,000 கன மீட்டர் மண் அடிக்க வேண்டும். குழியில் அளந்தது, லாரியில் அளந்தது, கரையில் அளந்தது மூன்றும் மூன்று விதமாக நிற்கிறது. அப்பா, மண் கொடுப்பவர் ஏமாற்றுகிறார் என்கிறார். மண் கொடுப்பவர் எங்கள் மேல் பழி போடுகிறார்.

சாலைப்பணி_திருச்சி
தம்பி, யாரும் ஏமாற்றாமலே அப்படித்தான் நிற்கும். மூன்று இடத்திலும் திடம் ஒன்று, வெற்றிடம் வேறு. கரையில் உலர் அடர்த்தி 1.80 என்றால் 50,000 கன மீட்டருக்கு உலர்மண் 90,000 டன். குழியில் அது 1.60 அடர்த்தியில் கிடந்தால் வெட்ட வேண்டியது 56,250 கன மீட்டர். லாரியில் பொலபொலவென்று 1.25 அடர்த்தியில் இருந்தால் 72,000 கன மீட்டர் ஏற்ற வேண்டும். மூன்றையும் உலர் எடைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள், அதன் பிறகும் இடித்தால் அப்போது சண்டை போடலாம். குழியிலும் லாரியிலும் அடர்த்தியை நீங்களே எடுக்க வேண்டும், என் எண்கள் உதாரணம்தான்.

தண்ணீரையும் இப்போதே கணக்கிடுங்கள். குழிமண்ணில் 6 சதவீதம் ஈரம் இருந்து 12க்குக் கொண்டுவர வேண்டுமானால் 90,000 டன்னில் 6 சதவீதம், 5,400 டன் நீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 450 நடை. வெயிலில் ஆவியாவது தனி. ஒப்பந்தத் தொகை போடும்போது இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு காய்ந்த மண்ணில் உருளை ஓட்டுகிறார்கள்.

வீடுகட்டுகிறேன்
நான் பொறியாளர் இல்லை. சொந்த வீட்டு வேலை நடக்கிறது. மணல் ஒரு யூனிட் 100 கன அடி என்று வாங்குகிறோம். ஈரமாக வந்த மணல் கொட்டிக் காய்ந்ததும் குறைந்துவிடுகிறது. இதுவும் இதே கணக்கா?

பழைய_ஆசிரியர்
அதே கணக்குதான் அம்மா. சிறிதளவு ஈரம் மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, துகள்களை நெருங்க விடாமல் பிடித்து வைக்கும். வெற்றிடம் பெருகும், மணல் உப்பும். 5 சதவீத ஈரத்தை ஒட்டி இது மிக அதிகம். நைசு மணலில் பருமணலைவிட அதிகம். முழுதாக நனைத்துவிட்டால் படலம் போய், காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேராக நிற்கும் கண்ணாடிக் குவளையில் ஈரமணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரம் போடுங்கள். நீர் ஊற்றிக் குச்சியால் நன்றாகக் கிளறி, படிய விடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பியிருக்கிறது, உங்கள் 100 கன அடியில் உண்மை மணல் 80 கன அடி. கொத்தனார் சட்டியால் அளந்து கலவை போடுகிறார் என்றால் மணலை அதே விகிதத்தில் கூட்டச் சொல்லுங்கள். எடைக்கு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும், ஈரத்தின் எடையை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பு_மண்
வணக்கம். நான் இலங்கையில் பொறியியலாளர். 300 சதவீதம் மெக்சிகோவில் மட்டும் இல்லை என்பதற்காக எழுதுகிறேன். கொழும்பைச் சுற்றி முற்றா நிலக்கரி மண் (பீட், தாவரங்கள் முழுதும் மக்காமல் சேர்ந்த மண்) உண்டு. கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்பட்டது, முத்துராஜவெல சதுப்பை ஒட்டி அது செல்கிறது. அப்படியான மண்ணில் ஈரப்பதம் சில நூறு சதவீதம் வருவது வழமை. ஒப்படர்த்தி 1.5 அளவுக்கு இறங்கும், ஏனெனில் திடத்தில் பெரும்பங்கு தாவர எச்சம். ஈரப்பதம் 400, நீர் முழுதும் நிறைந்தது என்றால் வெற்றிட விகிதம் 6.

இரண்டு கவனம் தேவை. 110 பாகை அடுப்பில் வைத்தால் தாவரப் பொருளும் சேர்ந்து சிதையும், அந்த இழப்பும் நீர் என்று கணக்கில் ஏறும். ஆகவே 60 பாகை அளவில் நீண்ட நேரம் உலர்த்துவோம். மற்றது, நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் முழுதும் நிறைந்தது என்று எடுத்துவிடக் கூடாது. அழுகலில் உண்டாகும் வாயு உள்ளே சிக்கியிருக்கும்.

கரைமேற்பார்வை
எல்லோரும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஒரு தனியார் ஆய்வகம் தந்த அறிக்கை. கிராவல் மண், உலர் அடர்த்தி 1.95, ஈரப்பதம் 16 சதவீதம். ஒப்படர்த்தி 2.67 என்று எழுதியிருக்கிறார்கள். நிறைவு அளவு போட்டுப் பார்த்தேன், 116 சதவீதம் வருகிறது. வெற்றிடத்தைவிட நீர் அதிகம் எப்படி இருக்கும்? களத்துக்கே போகாமல் எழுதிய அறிக்கை என்று நிராகரிக்கப் போகிறேன்.

பழைய_ஆசிரியர்
நிறைவு அளவு நூறைத் தாண்டினால் ஏதோ ஓர் எண் தவறு என்பது உறுதி. எந்த எண் என்பது உறுதி இல்லை, ஆகவே பொய் என்று எழுதிவிடாதீர்கள். கிராவலில் இரும்பு ஆக்சைடு அதிகம், ஒப்படர்த்தி 2.67ஐவிட நன்றாகக் கூடலாம். பல ஆய்வகங்கள் அளக்காமலே 2.65, 2.67 என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 2.9 என்று வைத்தால் அதே மண்ணின் நிறைவு அளவு 95 சதவீதம்தான்.

கோவை_மாணவன்
திடத்தை 1 என்று வைத்து நானும் போட்டுப் பார்த்தேன் ஐயா. நிறைவு அளவு சரியாக 100 என்று வைத்தால் ஒப்படர்த்தி 2.83 வருகிறது. அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும் இந்த அடர்த்தியும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கவே முடியாது, சரிதானா?

பழைய_ஆசிரியர்
மிகச் சரி.

சாலைப்பணி_திருச்சி
களத்து ஆளாக ஒன்று சேர்க்கிறேன். உருளை ஓட்டிய மண்ணில் காற்று முழுதாக வெளியேறாது. 5 சதவீதமாவது காற்று இருக்கும் என்று வைத்தால், ஒரு கன செ.மீ.யில் நீர் 0.312, காற்று 0.05, மீதி 0.638 திடம். அதன் எடை 1.95. ஒப்படர்த்தி 3.05க்கு மேல் போகிறது. கிராவலுக்குக்கூட அது அதிகம். ஆகவே ஒப்படர்த்தி மட்டுமே காரணமாக இருக்காது, ஈரப்பதத்திலும் சந்தேகம் வையுங்கள். மழைக்குப் பிறகு மேல்மண்ணில் ஈரம் எடுத்துவிட்டு, அடர்த்தியை முந்தைய நாள் குழியிலிருந்து போட்டிருந்தாலும் இப்படி வரும்.

கரைமேற்பார்வை, அந்த அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு போட விடாதீர்கள். கிராவலில் கோர் கட்டர் இறங்காது, நீங்கள் நிற்கும்போதே மணல் நிரப்பு முறையில் (குழியை நிரப்பும் மணலை வைத்துக் கன அளவு அறியும் முறை) மூன்று குழி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியில் வந்த மண்ணிலிருந்தே ஈரப்பதம் எடுக்க வேண்டும். அதே மண்ணில் பிக்னோமீட்டர் என்ற குடுவை வைத்து ஒப்படர்த்தியும் பார்க்கட்டும். மூன்று குழியின் எண்களையும் இங்கே போடுங்கள், காற்று எவ்வளவு என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.